முள் காட்டிய கால் தாங்கி

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பரந்தனில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த எங்கள் பிக்கப் வாகனம் ஆனையிறவுப் பெருவெளியின் நடுவே இரண்டு தடவைகள் குலுங்கி, இருமி, நின்றுவிட்டது. சாரதி ஆசனத்தில் அத்தான். நடுவில் அக்கா. கதவோரத்தில் நான். அக்காவுக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்படவேண்டும். அன்று அதற்குரிய நாள். மருத்துவமனையில் ஆறு மணிக்கு இயந்திரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அத்தான் டீசல் மானியைப் பார்த்தார். முள் கால் கோட்டில் நின்றது.

"கால் தாங்கி டீசல் கிடக்கு. இது வேறை ஏதோ பிழை" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் சந்தேகம் எழவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து பற்றரியின் முனைகளை அசைத்துப் பார்த்தோம். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். அரை மணி நேரம் கழிந்தது. உப்புக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி இருந்தார்.

எங்களைக் கடந்துசென்ற லொறியொன்று சற்றுத் தூரம் சென்று நின்றது. அதன் சாரதி இறங்கி வந்து எஞ்சினைப் பார்க்கவேயில்லை. வாகனத்தின் பக்கமாகக் குனிந்து விரல் மொழியால் தாங்கியை மூன்று இடங்களில் தட்டினார். மூன்று இடங்களிலும் வெற்றுத் தகரத்தின் ஓசை.

"ஐயா, தாங்கி காலி" என்றார்.

அந்நாட்களில் டீசல் என்றால் என்னவென்பதை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஜூன் மாத இறுதியில் இருந்து ஜூலை 10ஆம் திகதி வரையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஓகஸ்ட் மாதம் முதலாம் திகதி முதல் கியூஆர் அட்டை நாடு முழுவதும் கட்டாயமாகியது. வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார்கள். அப்படியான காலத்தில் அந்த முகந்தெரியாத மனிதர் இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றைத் தன் லொறியில் இருந்து எடுத்துவந்து எங்கள் தாங்கிக்குள் கவிழ்த்தார். டீசல் எஞ்சின் ஒரு தடவை வறண்டுவிட்டால் டீசல் ஊற்றியதும் ஓடாது. குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். வடிகட்டியின் தலையிலிருந்த கைப்பம்பியை அவரே அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முறை கடந்துவிட்டது. அன்றிரவு பதினொரு மணிக்கே அவருக்கு இயந்திரம் கிடைத்தது. அதுவரையில் மூச்சு வாங்கியபடி வாங்கில் இருந்தார். டீசல் தீர்ந்ததற்காக நான் எவரையும் நொந்துகொள்ளவில்லை. தீர்ந்துவிட்டது என்று அறியாமல் பியூஸைத் தேடிய அந்த அரை மணி நேரமே இன்றும் உறுத்துகிறது. எங்களைத் தடுத்தது வெறுந்தாங்கி மட்டுமல்ல. கால் கோட்டில் நின்ற முள்ளும்தான்.

அந்த முள்ளின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

எரிபொருள் மானி மோட்டார் வாகனத்துடன் கூடப்பிறந்தது அல்ல. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடி வரையில் உற்பத்தியான போர்ட் மொடல் ரி காரில் எரிபொருள் மானி கிடையாது. பெரும்பாலான ஆண்டுகளில் அதன் தாங்கி முன் ஆசனத்தின் கீழே இருந்தது. பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று அறியவேண்டுமானால் இறங்கி, ஆசனத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்க்கவேண்டும். அந்தக் காரில் எரிபொருட் பம்பியும் இல்லை. பெற்றோல் தன் பாரத்தால் தானே இறங்கி எஞ்சினுக்குச் செல்லவேண்டும். ஆகவே தாங்கியில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் ஏறவேண்டி வந்தால் காரைத் திருப்பிப் பின்புறமாக ஏற்றினார்கள்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மொடல் ஏ காரில் தாங்கி சாரதியின் கண்ணுக்கு நேராக, முன் கண்ணாடிக்குக் கீழே வைக்கப்பட்டது. தாங்கியினுள் ஒரு மிதவை. அது ஏறி இறங்குவதைச் சாரதி தன் முன்னாலேயே பார்த்தார். இடையில் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை.

முழங்காலுக்கு மேலே பெற்றோலை வைத்துக்கொண்டு ஓடுவதன் அபாயம் சொல்லாமலே விளங்கும். தாங்கி மெல்ல மெல்ல வாகனத்தின் பின்புறம் நோக்கிச் சென்றது. பிக்கப் வாகனங்களில் இந்தப் பயணம் மிகவும் தாமதமாகவே நடந்தது. 1972ஆம் ஆண்டு வரையில் வந்த செவ்ரோலட், போர்ட் பிக்கப்புகளில் தாங்கி சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால், அறைக்குள்ளேயே இருந்தது. 1973ஆம் ஆண்டு மாதிரிகளில்தான் அது வெளியே, சட்டகத்துக்குப் போனது.

தாங்கி தொலைவுக்குப் போனதும் ஒரு புதிய பிரச்சினை தோன்றியது. பின்னால் இருப்பதை முன்னால் இருப்பவர் எப்படி அறிவது? 1920களில் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் ஒரு மெல்லிய குழாயின் வழியே காற்றழுத்தத்தைக் கொண்டுவந்து, சாரதியின் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயில் செந்நிறத் திரவத்தை ஏறி இறங்கச் செய்தார்கள். குழாயில் ஊசித்துளை விழுந்தால் அளவு பிழைத்தது. 1930களில் மின்சார மானி பரவியது. இன்றைய பழைய பிக்கப்புகளில் உள்ள மானி அதன் வழிவந்ததே.

தொலைவு கூடும்தோறும் தாங்கிக்கும் கண்ணுக்கும் இடையே ஆட்கள் கூடிக்கொண்டு போனார்கள் என்பதே இந்த வரலாற்றின் சாரம். ஆட்கள் கூடினால் செய்தி திரியும் வாய்ப்பும் கூடும் என்பதைப் பத்திரிகைத்தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கும் எனக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

இந்தத் தொலைவு திடீரென்று அற்றுப்போன ஒரு காலத்தையும் நான் கண்டிருக்கிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின்னர் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் வருவது தடுக்கப்பட்டது. எங்கள் ஊரில் ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறிய போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கொடுத்து எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்போது மானியைப் பார்த்தவர் எவருமில்லை. பற்றரி செத்துப்போன கார்களில் முள் நிரந்தரமாகப் படுத்துக்கிடந்தது. நாங்கள் போத்தலைப் பார்த்தோம். போத்தல் பொய் சொன்னதில்லை.

ஆனையிறவுச் சம்பவம் நடந்து நான்காம் நாள் பிக்கப்பை ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றோம். உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். தொண்ணூறுகளில் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் ஒருவர். எங்கள் வாகனம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த ஜப்பானியத் தயாரிப்பு. "மீற்றர் பழுதாய்ப் போச்சு, புதுசு போடவேணும் போலை, அண்ணை" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, மீற்றரிலை கை வையாதேங்கோ. அவர் கடைசி ஆள். முதல் ஆள் தாங்கிக்குள்ளை கிடக்கிறார். அங்கையிருந்து விசாரிச்சுக்கொண்டு வருவம்."

அவர் விசாரித்த முறையை விளங்கிக்கொள்ள, மின்சார மானி எப்படி வேலை செய்கிறது என்பதை வாசகர்கள் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தாங்கிக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் ஒரு கம்பிக் கை. கை ஏறி இறங்கும்போது அதன் மறுமுனை ஒரு தடைச்சுருளின்மீது வழுக்குகிறது. எரிபொருள் குறையக் குறைய, சுருளின் மின்தடை மாறுகிறது. அத்தடைக்கு ஏற்ப ஒரு வயரின் வழியாக முன்னால் உள்ள மானிக்கு ஓடும் மின்சாரம் கூடுகிறது அல்லது குறைகிறது. பழைய மானிகளில் அந்த மின்சாரம் இரு உலோகத்தால் ஆன ஒரு தகட்டைச் சூடாக்குகிறது, தகடு வளைகிறது, முள் அசைகிறது. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாமல் சோம்பலாக ஏறுவதன் காரணம் இதுதான். ஆக, முள் அறிந்தது மின்சாரத்தை மாத்திரமே. டீசலை அது கண்டதில்லை.

தடையை அளக்கும் அலகு ஓம். யாழ்ப்பாணத்தார் ஆமோதித்துச் சொல்லும் 'ஓம்' அல்ல. 1827இல் தன் விதியை வெளியிட்ட ஜெர்மன் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஓமின் பெயர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எல்லா வாகனங்களும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் தாங்கி நிறைந்திருக்கும்போது தடை சுமார் 3 ஓம். வெறுமையில் சுமார் 110 ஓம். ஜெனரல் மோட்டர்ஸ் வாகனங்களில் நெடுங்காலமாக இதற்கு மறுதலை: வெறுமையில் 0, நிறைவில் 90. போர்ட் வாகனங்களில் 1980களின் நடுப்பகுதி வரையில் வெறுமையில் சுமார் 73, நிறைவில் சுமார் 10. பின்னர் அதுவும் தலைகீழாகி, வெறுமையில் 16, நிறைவில் 158 என்றாகியது. இதனால் ஒரே பழுது வெவ்வேறு வாகனங்களில் வெவ்வேறு முகம் காட்டும். தாங்கிக்குச் செல்லும் வயர் அறுந்தால் ஜப்பானிய பிக்கப்பில் முள் வெறுமையில் விழுந்துவிடும். பழைய செவ்ரோலட்டில் அதே வயர் அறுந்தால் முள் நிறைவையும் தாண்டிப்போய் நிற்கும். வாகனத்தின் மொழியை அறியாமல் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது.

பெரியவர் முதலில் எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானியைப் பார்த்தார். அது சீராக ஏறி வழக்கமான இடத்தில் நின்றது. பழைய பிக்கப்புகள் பலவற்றில் வெப்பமானிக்கும் எரிபொருள் மானிக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தருவது ஒரே கருவி. இரண்டு முட்களும் ஒரே திசையில் பிழைத்தால் குற்றவாளி அந்தக் கருவி. ஒன்று சரியாகவும் மற்றது பிழையாகவும் இருந்தால் அது குற்றமற்றது.

அடுத்துத் தாங்கியின் மேலுள்ள வயர்ப் பொருத்தியைக் கழற்றச் சொன்னார். முள் மெதுவாக இறங்கி வெறுமையில் படுத்தது. பின்னர் வயருக்கும் வாகனத்தின் சட்டகத்துக்கும் இடையே ஒரு சிறிய பல்பைப் பொருத்தினார். பல்ப் மங்கலாக எரிந்தது. முள் நிறைவை நோக்கி ஏறத்தொடங்கியது. "நேரே ஏர்த் குடுக்கக்கூடாது, மீற்றர் எரிஞ்சுபோம். பல்பு நடுவிலை நிண்டு காப்பாத்தும்" என்றார். இந்த இரண்டு நிமிடச் சோதனையில் மானியும், வாகனத்தின் நீளத்துக்கு ஓடும் வயரும் குற்றமற்றவை என்று தெரிந்துவிட்டது. நான் சொன்னபடி புதிய மானியை வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் கால் கோட்டில்தான் நின்றிருக்கும்.

பிறகு ஏர்த் வயர். சட்டகத்தில் அது பொருந்தும் இடம் துருவேறினால் அங்கே வேண்டாத தடை ஒன்று சேரும். அப்படிச் சேர்ந்தால் எங்கள் வாகனத்தில் முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எங்கள் பழுதோ கூடுதலாகக் காட்டுவது. ஆகவே அது காரணமாக இருக்கமுடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சுரண்டித் துடைத்துப் பூட்டினார்.

கடைசியில் முதல் ஆள். பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்றவரை அப்பால் போகச் சொன்னார். தாங்கிக்குள் மின்சாரம் செல்லும் வழியில் அவர் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்ததன் பொருளைப் பின்னரே படித்தறிந்தேன். 1996 ஜூலை 17ஆம் திகதி நியூயோர்க்குக்கு அருகே வானில் வெடித்து 230 பேரைப் பலிகொண்ட ரிடபிள்யூஏ 800 விமானத்தில், எரிபொருள் மானியின் வயர்களின் வழியாகவே மிகையான மின்னழுத்தம் தாங்கிக்குள் சென்றிருக்கக்கூடும் என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் முடிவுசெய்தார்கள்.

தாங்கியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாத நிலையில் மிதவைக் கருவியின் தடையை அளந்தார். 110ஐ அண்டி இருக்கவேண்டியது, 60ஐ அண்டி நின்றது. கருவியை வெளியே எடுத்தார். மிதவை உடைந்திருக்கும், நீரேறி இருக்கும், கை சிக்கியிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். எதுவுமில்லை. மிதவை நன்று. கையைக் கீழ் எல்லை வரையில் இறக்கியபோது அளவுக்கருவி 110 என்றே காட்டியது. மேல் எல்லையில் 3. இடையில் எங்கும் துள்ளவில்லை.

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுத்தார். கருவி இருந்த துவாரத்தின் வழியே தாங்கியின் அடிவரையில் அதை விட்டு, மேல்விளிம்பில் நகத்தால் அடையாளமிட்டார். அந்த ஈர்க்கைக் கருவியின் பக்கத்தில் வைத்தார். முழுவதும் தாழ்ந்த கை, ஈர்க்கின் நுனியைத் தாண்டி மூன்று விரற்கடை கீழே தொங்கியது.

"இது இந்தத் தாங்கிக்குரியது இல்லை, தம்பி. இதைவிட ஆழமான தாங்கிக்குச் செய்தது."

இரண்டு வருடங்களுக்கு முன்னர் வேறோர் இடத்தில் மிதவைக் கருவியை மாற்றியது அப்போதுதான் அத்தானுக்கு நினைவுக்கு வந்தது. உதிரிப்பாகங்கள் கிடைக்காத காலம். கழித்துவிட்ட வேறொரு வாகனத்தில் இருந்து எடுத்துப் பூட்டியிருந்தார்கள். துளைகள் பொருந்தின. வயர் பொருந்தியது. தாங்கியை நிரப்பியதும் முள் நிறைவைக் காட்டியது. யார் சந்தேகிப்பார்கள்? டீசல் தீரும்போதோ, மிதவை தன் கீழ் எல்லைக்குப் போகமுன்னரே தாங்கியின் அடியில் குந்திக்கொண்டது. அதற்கு மேல் அது இறங்க இடமில்லை. முள் கால் கோட்டில் நின்றுவிட்டது. அதுவரையில் அத்தான் எப்போதும் அரைத்தாங்கியில் நிரப்பிவிடுகிறவர். அளந்து ஊற்றிய 2022ஆம் ஆண்டே முதன்முதலாக அவரைத் தாங்கியின் அடிவரையில் கொண்டுசென்றது.

மானியில் பழுதில்லை, வயரில் பழுதில்லை, மிதவைக் கருவியிலும் பழுதில்லை. எல்லாம் நல்ல பாகங்கள். ஆயினும் அவை சேர்ந்து சொன்னது பொய்.

இது எங்கள் பிக்கப்புக்கு மாத்திரம் நேர்ந்த விந்தை என்று எண்ணியிருந்தேன். பின்னர்தான் ரியூனின்ரர் 1153 விமானத்தின் கதையைப் படித்தேன். 2005 ஓகஸ்ட் 6ஆம் திகதி இத்தாலியின் பாரி நகரில் இருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்குப் புறப்பட்ட ஏரிஆர் 72 ரக விமானம் அது. முதல்நாள் அதன் எரிபொருள் மானியைக் கழற்றிப் புதிய மானி பொருத்தியிருந்தார்கள். பொருத்தப்பட்டது அதே நிறுவனத்தின் சிறிய விமானமான ஏரிஆர் 42க்கு உரியது. இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. ஒரே குழியில் பொருந்துபவை. தாங்கிகளின் அளவு மாத்திரம் வேறு. அந்த மானி உள்ளதைவிட மிகக் கூடுதலான எரிபொருளைக் காட்டியது. கடலின் மேலே இரண்டு எஞ்சின்களும் நின்றன. எரிபொருள் இருப்பதாக மானி காட்டிக்கொண்டிருந்ததால் விமானிகள் எஞ்சின்களை மீண்டும் இயக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பலேர்மோவுக்கு அருகே விமானம் கடலில் இறங்கியது. அதிலிருந்த 39 பேரில் 16 பேர் உயிரிழந்தார்கள். ஆனையிறவில் நாங்கள் பியூஸைத் தேடிய அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விமானத்தின் கதை கனடாவில் வாழும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். 1983 ஜூலை 23ஆம் திகதி மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் பறந்த எயார் கனடா 143. போயிங் 767 ரகம். அந்த நிறுவனத்துக்கு அப்போது புதியது. அதன் எரிபொருள் மானிகளை இயக்கும் கருவியில் இரண்டு தடங்கள். ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்யவேண்டும். சரியாக ஈயம் பிடிக்காத ஒரு பற்றுவைப்பினால் இரண்டாம் தடம் பழுதானபோது, மானிகள் எல்லாமே இருண்டன. எட்மன்டனில் ஒரு திருத்துநர் இரண்டாம் தடத்தின் மின்தடுப்பியை இழுத்துவிட்டால் மானிகள் உயிர்பெறுவதைக் கண்டுபிடித்தார். அப்படியே இழுத்து, அடையாள நாடாவும் ஒட்டி, குறிப்பும் எழுதினார். மொன்றியலில் இன்னொருவர் அதைச் சோதிப்பதற்காகத் தடுப்பியை மீண்டும் அழுத்தினார். மானிகள் இருண்டன. அதற்குள் அவருடைய கவனம் வேறு வேலைக்குத் திரும்ப, தடுப்பி அப்படியே விடப்பட்டது. நாடா மாத்திரம் இருந்த இடத்தில் இருந்தது.

விமானி றொபேர்ட் பியர்சன் வந்தபோது மானிகள் இருண்டிருந்தன. முன்னர் அந்த விமானத்தைக் கொண்டுவந்தவருடன் நடந்த உரையாடலில் இருந்து, அது மானிகள் இல்லாமலே பறந்து வந்திருக்கிறது என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். அது தவறான விளக்கம். ஆனால் கண்டது கேட்டதோடு பொருந்தியது. பொருந்தியதால் அதைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. என் தொழிலில் இதைவிட ஆபத்தான கணம் வேறில்லை. இரண்டு செய்திகள் ஒன்றை ஒன்று உறுதிப்படுத்துவதாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் பிழையாக இருக்கும்.

மானி இல்லாதபடியால் தாங்கிகளில் அளவுகோல் கொண்டு அளந்தார்கள். அளந்ததில் பிழையில்லை: 7,682 லீற்றர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக மாற்றச் சுமார் 0.8ஆல் பெருக்கவேண்டும். அவர்களோ பழைய விமானங்களில் வழக்கமாகிய 1.77ஆல் பெருக்கினார்கள். அது கிலோகிராமைத் தராது, இறாத்தலைத் தரும். இருபதாயிரம் லீற்றர் வரையில் ஊற்றவேண்டிய இடத்தில் ஐயாயிரம் லீற்றருக்கும் குறைவாகவே ஊற்றினார்கள். 41,000 அடி உயரத்தில் முதல் எச்சரிக்கை ஒலித்தபோது பம்பியில்தான் பழுது என்று எண்ணினார்கள். சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. பியர்சனும் துணை விமானி மொறிஸ் குவின்ரலும் அந்தப் பெரும் விமானத்தை மிதக்கவிட்டு, மனிற்றோபா மாகாணத்தில் கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். அந்த ஓடுபாதை அப்போது காரோட்டப் பந்தயத் திடலாக இருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர்தப்பினார்கள்.

நீதியரசர் ஜோர்ஜ் லொக்வூட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1985இல் வெளியாகியது. அந்தத் தொடரில் எவரும் கைகட்டி இருக்கவில்லை என்பதே என் மனதில் நின்றது. ஒருவர் வழி கண்டார். ஒருவர் சோதித்தார். ஒருவர் அளந்தார். ஒருவர் கணக்கிட்டார். ஒருவரின் கையில் இருந்து இன்னொருவரின் கைக்கு மாறும்போதுதான் உண்மை நழுவியது.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லவேண்டும். உரிய மிதவைக் கருவி கொழும்பில், பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தையில், மூன்று வாரங்களுக்குப் பின்னர் கிடைத்தது. பெரியவர் அதைப் பூட்டுவதற்கு முன்னர் மறுபடியும் ஈர்க்கை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். நுனியோடு நுனி பொருந்தியது. பூட்டிய பின்னரும் விடவில்லை. வெறுந்தாங்கியில் முள் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தார். அதன்பின் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் சோம்பலாக ஏறி நிற்கும்வரை காத்திருந்தார். "நிறைஞ்சிருக்கேக்கை எல்லா மீற்றரும் சரியாய்த்தான் காட்டும். காலியிலை என்ன காட்டுது எண்டு பாக்கவேணும்" என்றார்.

அக்கா 2024ஆம் ஆண்டில் காலமாகிவிட்டார். அந்த இரவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் அவர் வாங்கில் சாய்ந்திருந்த தோற்றம் என் கண்ணை விட்டு அகலவில்லை.

பிக்கப் இன்னும் ஓடுகிறது. முள் இப்போது சரியாகவே காட்டுகிறது. ஆனாலும் அத்தான் சாரதி ஆசனத்தின் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். ஊற்றிய லீற்றர், ஓடிய கிலோமீற்றர், திகதி ஆகியவற்றை அதில் எழுதுகிறார். அவருடன் கடைசியாகப் பயணம் செய்தபோது அவர் சாவியைத் திருப்பி, முள் ஏறி நிற்கும்வரை காத்திருந்து, கொப்பியை விரித்துக் கணக்கைப் பார்த்த பின்னரே வாகனத்தை எடுத்தார்.